பதினோரு ஓட்டை

வாங்க சார், உட்காருங்க. அந்தக் கல்லுல வேணாம், அது ஆடும். இதுல உட்காருங்க. இது எங்க வீட்டு அடுப்பாங்கரை வாசப்படி. வீடுன்னு இருந்ததுல இதுவும் ஒரு இரும்புப் பீரோவும்தான் மிச்சம்.

மலை ஏன் சரிஞ்சுதுன்னு பாக்கத்தானே வந்திருக்கீங்க, டேப்பு புடிச்சு அளக்கறதெல்லாம் அளந்துக்கங்க, உங்க வேலை அது. போட்டோவும் எடுத்துக்கங்க. ஆனா மண்ணுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு டேப்புல தெரியாது. நான் உள்ள இருந்தவன். நெஞ்சு வரைக்கும் மண்ணு, மூணு மணி நேரம். இந்த இடது காலு முட்டிக்குக் கீழ அங்கதான் போச்சு. அதனால நான் சொல்றதையும் ஒரு பக்கம் எழுதிக்கங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த மலை தானா விழல. விழ வெச்சவன் சன்னாசி. எம் பொண்டாட்டியோட கூடப்பொறந்த அண்ணன். ரோட்டு வேலைக் கேங்குல இருபத்தாறு வருஷமா மம்புட்டி புடிக்கிறவன். கொண்டை ஊசி வளைவுல மண்ணு விழுந்தா அள்ளிப் போடுவான், மரம் விழுந்தா அறுத்துத் தள்ளுவான். அந்த மம்புட்டிய வெச்சுக்கிட்டே மலையப் பத்தி எல்லாம் தனக்குத் தெரியும்னு நினைப்பு.

நான் இங்க கேரட்டும் பூண்டும் போட்டுட்டு இருந்தேன் சார். எங்க ஊரு குருவிமட்டத்துல எல்லாரும் அதான் போட்டோம். அப்புறம் ஒவ்வொருத்தனா காட்டேஜ் கட்ட ஆரம்பிச்சான். கீழ்நாட்டுல இருந்து கார்ல வர்றான், ரெண்டு நாள் தங்கறான், போறான். எனக்கும் ஆசை வந்துச்சு. தப்பா? எங்கப்பா காலத்துல இருந்து குனிஞ்சே கிடந்த குடும்பம். எனக்கு ஒரு தடவை நிமிரணும்னு தோணுச்சு.

ஆனா இடம் எங்க? வீட்டுக்குப் பின்னாடி நேரா மேடு. அப்போ மேட்டை வெட்டித்தான் சமம் பண்ணணும். பொக்லைனைக் கொண்டு வந்தேன். பர்மிஷனா? அதெல்லாம் இங்க யாருக்குக் கிடைக்குது சார்? ஞாயித்துக்கிழமை பாத்து லாரியில ஏத்தி, மேல தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டு வந்தோம். ரெண்டு ஞாயிறு. இருபத்தஞ்சு அடி உயரத்துக்கு, கேக்கு வெட்டின மாதிரி நேரா வெட்டினான் அந்த ஆபரேட்டர். கையால தடவினா வழுவழுன்னு இருக்கும். மேல நின்ன சில்வர் ஓக்கு மரம் பதினாலையும் சாய்ச்சிட்டேன். வேர் நீட்டிக்கிட்டு நின்னா பாக்க அசிங்கமா இருக்கும்ல.

அன்னைக்கே சன்னாசி வந்தான். பொக்லைன் முன்னாடி வந்து நின்னான்.

"மாப்ள, மலையோட காலை வெட்டுற. அது எப்படி நிக்கும்?"

"மச்சான், அது மலை. உன்னை மாதிரி ஆளு இல்ல, கால் வெட்டினா விழறதுக்கு."

ஆபரேட்டர் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவன் சிரிக்கல. கீழ உட்கார்ந்து ஈர மண்ணை அள்ளி ஒரு மேடு பண்ணிக் காட்டினான். படி படியா வெட்டணுமாம். ஒவ்வொரு படிக்கும் சாய்வு விடணுமாம், புல்லு வெக்கணுமாம். வெட்டின மண்ணை உடனே அப்புறப்படுத்தணுமாம். கேங்குல இருக்கறவன் எனக்குப் பாடம் எடுக்கறான், ஆபரேட்டர் முன்னாடி.

வெட்டின மண்ணை எங்க கொட்டறது? கீழ சரிவுலதான் தள்ளினோம். அதுக்கும் கீழ ரோசம்மா வீடு. புருஷன் செத்துப்போன பொம்பளை, ஒத்தை மாட்டை வெச்சுப் பால் ஊத்திப் பொழைச்சுக்கிட்டு இருந்தா. அவ மேல வந்து, "ஏண்ணே, இவ்வளவு மண்ணும் என் தலைக்கு மேல நிக்குதே"ன்னா. "ஒரு மழை பெஞ்சா புல்லு முளைச்சுக் கட்டிக்கும் ரோசம்மா, பயப்படாதே"ன்னு சொல்லி அனுப்பினேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். நான் அவள ஒரு வார்த்தை கடிஞ்சது கிடையாது.

அப்புறம் அந்தக் கானு விஷயம். அதோ மேல தெரியுதா, குறுக்கால ஒரு கோடு மாதிரி? எஸ்டேட்காரன் காலத்துல வெட்டின தண்ணிக் கானு. மேல பெய்யற மழைத்தண்ணிய மேட்டுல இறங்க விடாம அப்படியே ஓரமா ஓடைக்குக் கொண்டு போயிடும். பொக்லைன் ஏறணும்னா அதைத் தாண்டித்தான் ஏறணும். அதனால முப்பது அடி நீளத்துக்கு மூடினேன். சும்மா கிடக்கற கானுதானே.

சாயந்திரம் பாத்தா சன்னாசி வேலை விட்டு வந்து தோண்டிக்கிட்டு இருக்கான். மறுநாள் நான் மூடினேன். அவன் தோண்டினான். மூணாவது தடவை மூடும்போது நேர்லயே வந்துட்டான். என் சட்டையப் புடிச்சான் சார். நான் அவன் முகத்துல ஒரு கை மண்ணை அப்பினேன். ரெண்டு பேரும் உருண்டோம். அவன் வாயெல்லாம் ரத்தம், என் வெரலு ஒண்ணு பின்னாடி மடங்கிப் போச்சு. எம் பொண்டாட்டி தேவானைதான் ஓடிவந்து ஒரு குடம் தண்ணிய எங்க மேல ஊத்தினா, நாய்ச் சண்டைய விலக்கற மாதிரி. கடைசியில கானு மூடினபடியேதான் இருந்துச்சு. நான்தான் ஜெயிச்சேன்.

இப்போ சுவத்துக்கு வர்றேன். நான் ஒண்ணும் பொறுப்பில்லாத ஆள் இல்ல. வெட்டின மேட்டுக்கு முன்னாடி தடுப்புச் சுவர் கட்டினேன். கருங்கல்லு, சிமெண்டு, பூச்சு, வெள்ளைப் பெயிண்டு. அதுல ஒரு மயில் படமும் வரைஞ்சோம். கொத்தனார் நடுநடுவுல பைப்பு வெக்கணும்னான், உள்ள தேங்கற தண்ணி கசிஞ்சு வெளிய வரணுமாம். வந்தா என்ன ஆகும்? செகப்பா கறை வழியும், பாசி புடிக்கும். காசு குடுத்துத் தங்க வர்றவன் அதையா பாப்பான்? ஓட்டையே வேணாம்னுட்டேன்.

ஒருநாள் சந்தைக்குப் போயிட்டு வர்றேன், சுவத்துல பதினோரு ஓட்டை. எண்ணினேன் சார். பதினோரு ஓட்டை, ஒவ்வொண்ணும் கை நுழையற அளவுக்கு. மயிலோட கழுத்துல ஒண்ணு. சன்னாசி உளியும் சுத்தியலுமா பன்னெண்டாவதைப் போட்டுக்கிட்டு இருக்கான். தேவானை பக்கத்துல நின்னு அவனுக்கு டீ குடுக்கறா. என் சுவத்தை உடைக்கறவனுக்கு என் வீட்டு டீ!

அவன் திரும்பி, "மாப்ள, மழைக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. வயித்துல தண்ணி கட்டினா இந்தச் சுவரு..."ன்னு ஆரம்பிச்சான். நான் முடிக்க விடல. பக்கத்துல மம்புட்டி கிடந்துச்சு. காம்பால வீசினேன். தோள்ல பட்டுச்சு. காஞ்ச குச்சி ஒடியற சத்தம். காறை எலும்பு. அவன் மண்டி போட்டுட்டான். இன்னொண்ணு முதுகுல போட்டேன். மூணாவது ஓங்கும்போது தேவானை குறுக்க வந்தா. வந்தா என்ன பண்றது, அவளுக்கும் ஒண்ணு விழுந்துச்சு. பெருசா இல்ல. நெத்தியில லேசா ஒரு வெட்டு. அஞ்சு தையல்.

எம் பொண்ணு அபிநயா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. ஒம்பதாவது படிக்கறா. சும்மா பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கல.

ஆஸ்பத்திரியில சன்னாசி, "ரோட்டு வேலையில கல்லு உருண்டு விழுந்துச்சு"ன்னு சொல்லிட்டான். என் பேரைச் சொல்லல. பயம்தான். அன்னைக்கே நான் பதினோரு ஓட்டையையும் சிமெண்டு வெச்சு அடைச்சேன். மயிலுக்குக் கழுத்தைத் திரும்ப வரைஞ்சேன்.

கவனிச்சீங்களா சார்? நல்லா இருந்த சுவத்தை உளியால அடிச்சு அடிச்சு அதிர வெச்சான். மேல கானுல கடப்பாரையப் போட்டுக் குத்திக் குத்தி மண்ணை இளக்கினான். இதெல்லாம்தான் காரணம். இதை எழுதிக்கங்க.

ஐப்பசி பொறந்து ஒரு வாரம் இருக்கும், மழை புடிச்சுது. மூணு நாள் விடல. அது துளித் துளியா பெய்யல சார், அப்படியே ஊத்துச்சு. ரெண்டாம் நாள் அடுப்பாங்கரைக் கதவு சாத்த முடியல. நிலை ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. மழையில மரம் ஊதிப் போச்சுன்னு இழைப்புளி எடுத்து இழைச்சேன். மூணாம் நாள் காலையில ஊத்துத் தண்ணி செங்கல் கரைச்ச மாதிரி வந்துச்சு. சுவரு முன்னால வயிறு தள்ளி நின்னுச்சு. ஈரத்துல அப்படித் தெரியுதுன்னு நினைச்சேன்.

ஒம்பது மணி இருக்கும், சன்னாசி வந்தான். ஒரு கை கழுத்துல கட்டின துணித் தூளியில தொங்குது. மறு கையில கடப்பாரை. மேல போயிப் பாத்துட்டு வந்திருக்கான்.

"மாப்ள, மேல மண்ணு வாயத் தொறந்துடுச்சு. என் கை முழுசா உள்ள போவுது. மேலாண்ட நிக்கிற மரமெல்லாம் கீழ பாத்து சாயுது. ஒரு சாமானும் எடுக்காதே. அப்படியே வெளிய வா. தேவானை, புள்ளையக் கூட்டிக்கிட்டு வா."

எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவன் இதை சாக்கா வெச்சுத் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகப் பாக்கறான். தலையில தையல் போட்டதுல இருந்தே அவ அண்ணன் வீடு அண்ணன் வீடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. நான் கதவைச் சாத்தி உள்தாப்பா போட்டேன். தேவானை தாப்பாளைத் தொறக்க வந்தா. முடியப் புடிச்சு இழுத்துப் பின்னாடி தள்ளினேன். அபிநயா என் கையக் கடிச்சா. இதோ பாருங்க, தழும்பு. பெத்த பொண்ணு சார்.

அவன் ஒத்தைக் கையால கடப்பாரையை வெச்சுக் கதவை நெம்பினான். நாலாவது நெம்புல கீல் பேந்துக்கிச்சு. கதவு என் மேல விழுந்துச்சு. அவன் அந்தக் கதவு மேலயே ஏறி உள்ள வந்து, தங்கச்சியையும் புள்ளையையும் வெளிய தள்ளினான். நான் எழுந்து ஓடி அவன் ஒடிஞ்ச தோளைப் புடிச்சு முறுக்கினேன். அப்படி ஒரு அலறல் நான் கேட்டதில்ல. ஆனா விடல அவன். தலையால என் மூக்குல முட்டினான். நான் வாசல்ல மல்லாந்து விழுந்தேன்.

"வா மாப்ள," அப்பவும் கையை நீட்டறான். "வாடா, வந்துடு."

ரத்தம் வாய்க்குள்ள போயிக்கிட்டு இருந்துச்சு. "என் வீட்டை விட்டு நான் ஏண்டா வரணும்"னு சொல்லிட்டு உள்ள போனேன். கதவு இல்லாத வீட்டுக்குள்ள போயி பீரோவுக்குப் பக்கத்துல நின்னேன்.

முதல்ல சத்தம் வந்துச்சு. லாரி வருதுன்னு நினைச்சேன். இந்தப் பக்கம் லாரி எப்படி வரும்னு யோசிக்கறதுக்குள்ள சுவரு வெடிச்சிடுச்சு. விழல சார், வெடிச்சிடுச்சு. ஒரு கல்லு ஜன்னல் வழியா வந்து எதுத்தாப்புல இருந்த சுவத்துல பட்டுச்சு. அப்புறம் மலையே உள்ள வந்துச்சு. கஞ்சி மாதிரி, மரத்தோட, பாறையோட. வீட்டை அப்படியே தூக்கி உருட்டுச்சு. நான் எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு தெரியாம சுத்தினேன். உருள்றது நின்னப்போ பீரோவுக்கும் ஒரு பாறைக்கும் நடுவுல மாட்டியிருந்தேன். நெஞ்சு வரைக்கும் மண்ணு. இந்தக் காலு மட்டும் எங்கயோ தூரத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு.

நான் கீழ தள்ளி வெச்சிருந்த மண்ணும் சேர்ந்துதான் போச்சு. ரோசம்மா வீடு இருந்த இடத்துல வீடே இல்ல, செகப்பா ஒரு மேடு.

சன்னாசி சறுக்கிக்கிட்டே இறங்கி என்கிட்ட வந்தான். மேல இருந்து இன்னும் கல்லு உருண்டுக்கிட்டு இருக்கு. தேவானை ஓரத்துல நின்னு, "அண்ணே, அவரைக் காப்பாத்துண்ணே, எப்படியாவது காப்பாத்துண்ணே"ன்னு கத்தறா. ஊர்க்காரங்க ஓடையத் தாண்ட முடியல. பாலம் போயிடுச்சு. அவன் ஒருத்தன்தான். ஒத்தைக் கையால தோண்டினான். கடப்பாரையால இளக்குவான், கையால வாருவான். நகமெல்லாம் பேந்து தொங்குச்சு. தூளிய அவுத்து எறிஞ்சுட்டு ஒடிஞ்ச கையாலயும் வாரினான். வாரும்போதெல்லாம் பல்லைக் கடிச்சு அழுதான்.

இதை யோசிச்சுப் பாருங்க சார். தப்பு பண்ணாதவன் அப்படித் தோண்டுவானா? மனசு உறுத்துனாத்தான் மனுஷன் அப்படித் தோண்டுவான்.

கொஞ்ச நேரம் கழிச்சு கீழ இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. மண்ணுக்கு அடியில இருந்து. எங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருபது அடி இருக்கும். சன்னாசி தோண்டறதை நிறுத்திட்டான். தலையைத் திருப்பிக் கேட்டான். மறுபடியும் சத்தம். அவன் கடப்பாரையை எடுத்துக்கிட்டு எழுந்தான்.

அப்போ மண்ணு என் கழுத்துக்கு ஏறியிருந்துச்சு. மேல இருந்து சேறு வழிஞ்சுக்கிட்டே இருக்கு. அவன் வார வார அது வந்து மூடுது. அவன் போனா பத்து நிமிஷத்துல என் மூக்கு மூடிடும். வெளிய இருந்த ஒரு கையால அவன் வேட்டியப் புடிச்சேன்.

"மச்சான், அது மாடு. ரோசம்மா மாடு கத்துது. போகாதே."

அவன் என்னைப் பாத்தான். மழைத்தண்ணி அவன் மூக்கு நுனியில இருந்து என் நெத்தியில சொட்டுது. அவ்வளவு பக்கம்.

"மாடுதான் மச்சான்"னேன்.

அவன் மண்டி போட்டு உட்கார்ந்தான். தோண்டினான். சத்தம் கொஞ்ச நேரம் இருந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு.

பாரெஸ்ட் ஆளுங்களும் பையர் சர்வீஸும் கயித்துல வந்து சேர்ந்தப்போ மத்தியானம் ஆயிடுச்சு. என்னைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ரோசம்மாவை மறுநாள் எடுத்தாங்க. கையில ஒரு கோழி இருந்துச்சாம். காலையிலேயே சன்னாசி அவளைத் தள்ளி மேல இருக்கற அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். கோழியப் புடிச்சிட்டு வர்றேன்னு திரும்ப இறங்கியிருக்கா. யாரு இறங்கச் சொன்னது? அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

விசாரணைக்குத் தாசில்தார் வந்தாரு. கானை மூடினது யாருன்னு ஊரைக் கூட்டி வெச்சுக் கேட்டாரு. அவன் சொல்லட்டும்னு எல்லாரும் சன்னாசியப் பாத்தாங்க. அவன் வாயே தொறக்கல. அவனுக்கே தெரியும், வாயத் தொறந்தா அவன் கடப்பாரை வெச்சுக் குத்தினதும் வெளிய வரும்னு. தேவானையும் அபிநயாவும் இப்போ அவன் வீட்லதான் இருக்காங்க. பொண்ணு என்னை வழியில பாத்தா அந்தப் பக்கமாப் போயிடுவா. ஒத்தைக் கால்ல நிக்கற அப்பனை.

ஆஸ்பத்திரியில இருக்கும்போது ஒரே ஒரு தடவை அவன் என்னைப் பாக்க வந்தான். என் காலை வெட்டி எடுத்து நாலு நாள் ஆகியிருந்துச்சு. ரெண்டு கையிலயும் கட்டு. கட்டில் பக்கத்துல வந்து நின்னான். நான் ஆரஞ்சு சாப்பிடறியா மச்சான்னு கேட்டேன். வேணாம்னு தலையாட்டினான்.

அப்புறம் கேட்டான்: "மாப்ள, அது மாடுதானா?"

"மாடுதான் மச்சான்"னேன். வேற என்ன சொல்றது? அவன் மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன்.

அவன் வாசல் வரைக்கும் போனான். திரும்பாமயே சொன்னான்: "மாட்டைக் காலையிலேயே நான்தான் அவுத்துட்டுப் போயி என் வீட்ல கட்டினேன் மாப்ள. நான் தோண்டும்போது அது மேல என் கொட்டாயில நின்னுச்சு."

அவ்வளவுதான். போயிட்டான். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்த மாட்டை அவன்தான் வெச்சிருக்கான்.

நீங்களே சொல்லுங்க சார். அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதானே என்கிட்டயே உட்கார்ந்தான்? நானா அவனைக் கட்டிப் போட்டேன்? வேட்டியோட ஒரு மூலையப் புடிச்சேன். உதறிட்டுப் போயிருக்கலாம். அப்போ அது அவன் கணக்கா, என் கணக்கா? ஊரெல்லாம் என்னையே பாக்குதே, அவனை ஏன் பாக்கல?

நான் ஒண்ணும் பழசையே நினைச்சு உட்கார்ந்திருக்க ஆள் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை பொக்லைன் வருது. விழுந்த மண்ணை ஒதுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டினா நல்ல இடம் கிடைக்கும். இனிமே விழறதுக்கு மேல என்ன இருக்கு? அதனால இந்த இடம் ஆபத்தில்லைன்னு உங்க ரிப்போர்ட்டுல நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். சுவத்துல ஓட்டை போட்டான், கானைக் குத்தினான், அதையெல்லாம் எழுதிக்கங்க. மயில் படம் இருந்ததைக்கூட எழுதிக்கங்க.

ஒண்ணு மட்டும் எழுத வேணாம். உங்களைப் பாத்தா சொல்லணும்னு தோணுது, அதனால சொல்றேன்.

அந்தச் சத்தம் "சன்னாசியண்ணே"ன்னுதான் கூப்பிட்டுச்சு. ஏழெட்டுத் தடவை. கடைசியில பேரு இல்ல, வெறும் "அண்ணே". என் காதுல நல்லாத்தான் விழுந்துச்சு.